சோலார் செல் தயாரிப்புக்குப் புதிதாக வருகிறீர்களா? இயந்திரமும் மூலப்பொருளும் எந்தப் பக்கம் போகின்றன என்று படிக்க ஒரு வழி

இந்தத் துறைக்குள் புதிதாக வருபவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது செயல்திறன் சதவீதத்தைத்தான். ஆளாளுக்கு ஒரு எண்ணைச் சொல்வார்கள், அதை வைத்தே எந்தத் தொழில்நுட்பம் ஜெயிக்கும் என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். தயாரிப்புப் பக்கம் வேலை செய்யப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த ஒரு மாற்றம் வந்தால், அதற்கு முன்னால் இருக்கும் படியில் எது மாறும், பின்னால் இருக்கும் படியில் எது மாறும்? இந்தத் தொழிலில் இயந்திரம் தேய்ந்து போய்க் காயலான் கடைக்குப் போவது குறைவு. பக்கத்துப் படியில் யாரோ எதையோ மாற்றியதால், நேற்றுவரை நன்றாக ஓடிய இயந்திரம் இன்றைக்கு உதவாமல் போவதுதான் அதிகம்.

எனவே கீழே உள்ளதை வரிசையாகப் படியுங்கள். சில படிகள் நீளம், சில படிகள் சின்னவை.

முதல் படி: வேஃபர் (மெல்லிய சிலிக்கான் வில்லை) வரைக்கும் என்ன நடக்கிறது

செல் ஆலையில் சேர்ந்தவர்கள் "வேஃபர் பெட்டியில் வருகிறது, அங்கிருந்துதான் நம் வேலை" என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைத்தால் பாதிக் குறைகளுக்குக் காரணம் கடைசிவரை பிடிபடாது.

வேஃபருக்கு மூலமான தூய சிலிக்கானில், அதாவது பாலிசிலிக்கானில், பெரும்பகுதி இன்னும் சீமென்ஸ் முறையில்தான் வருகிறது: ட்ரைகுளோரோசிலேன் வாயுவை, சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் கனன்றுகொண்டிருக்கும் மெல்லிய சிலிக்கான் தண்டுகள் மேல் படியவைத்துத் தடிமனாக்குவது. கூடவே குருணை வடிவ சிலிக்கானும் வளர்ந்து வருகிறது. அதற்கு மின்சாரம் வெகுவாகக் குறைவு, குருணையாக இருப்பதால் உலைக்குள் கொட்டவும் சுலபம்.

அடுத்தது இங்காட், அதாவது ஒரே படிகமாக வளர்த்த சிலிக்கான் உருளை. 1,414 டிகிரியில் உருகும் சிலிக்கானைக் குவார்ட்ஸ் குடுவையில் வைத்து, வித்துப் படிகத்தை அதில் தொட்டு மெதுவாகச் சுழற்றி மேலே இழுக்கிறார்கள். சோக்ரால்ஸ்கி முறை. முன்பெல்லாம் ஒரு குடுவைக்கு ஒரு இங்காட். இப்போது உலையை ஆறவிடாமல் அதே குடுவையில் மறுபடி மறுபடி சிலிக்கானை நிரப்பி, பல இங்காட்களை இழுக்கிறார்கள். அதனால் குடுவையின் ஆயுள் முக்கியமாகிவிட்டது. குடுவையின் உள்பூச்சுக்கு மிகத் தூய குவார்ட்ஸ் மணல் வேண்டும், அந்தத் தரத்துக்குப் பெயர்போன சுரங்கங்கள் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்ப்ரூஸ் பைன் என்ற சிற்றூரில் இருக்கின்றன. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அடித்து அங்கே வேலை நின்றபோது, அந்த ஊரின் பெயரையே கேள்விப்படாத ஆட்கள் எல்லாம் கையிருப்புக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு மூலப்பொருளைப் பற்றிப் படிக்கும்போது "இது எத்தனை இடத்திலிருந்து வருகிறது" என்று கேட்கும் பழக்கத்தை இங்கேயே தொடங்கிவிடுங்கள்.

இங்காட்டை அறுப்பது வைரத்துகள் பதித்த கம்பி. ஒரு காலத்தில் சிலிக்கான் கார்பைடு கலந்த குழம்பை ஊற்றி எஃகுக் கம்பியால் அறுத்தார்கள். அந்த முறை 2010களின் பின்பாதியில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இப்போது போட்டி கம்பியின் தடிமனில். கம்பி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு குறைவான சிலிக்கான் தூளாகப் போகும். கார்பன் எஃகு ஓரளவுக்கு மேல் மெலிந்தால் அறுந்துவிடும் என்பதால் டங்ஸ்டன் கம்பிக்கு மாறி வருகிறார்கள். வேஃபரும் மெலிந்துகொண்டே போகிறது: 180 மைக்ரானாக இருந்தது இன்று 130 பக்கம் வந்துவிட்டது, மூன்றாம் படியில் பார்க்கப்போகும் எச்ஜேடி வகைச் செல்லுக்கு 110, 120 மைக்ரான்கூட ஓடுகிறது.

அளவுச் சண்டையைத் தெரிந்துகொள்ளாமல் நகராதீர்கள். 156 மிமீ வேஃபர் பல வருடம் நிலையாக இருந்தது. 2019இல் 210 மிமீ வேஃபர் அறிவிக்கப்பட்டது, 2020இல் வேறு சில நிறுவனங்கள் சேர்ந்து 182 மிமீதான் தங்கள் அளவு என்றன. நடுவில் 166 வேறு. ஒரு டிஃப்யூஷன் உலையின் (வேஃபருக்குள் வேறு தனிமத்தைச் சூட்டில் ஊடுருவ விடும் உலை) குழாய் விட்டம் 166க்காகச் செய்யப்பட்டிருந்தால் அதில் 210ஐ நுழைக்கவே முடியாது. ஸ்டிரிங்கரின் (செல்களைக் கம்பியால் வரிசையாகக் கோக்கும் இயந்திரம்) மேசை, லேமினேட்டரின் (பேனலின் அடுக்குகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் இயந்திரம்) அகலம், பெட்டி, தட்டு, எடுத்துவைக்கும் ரோபோவின் உறிஞ்சுகுழல் எல்லாவற்றுக்கும் இதே கதி. நல்ல நிலையில் இருந்த எத்தனையோ லைன்கள் அந்த இரண்டு மூன்று வருடத்தில்தான் ஓரங்கட்டப்பட்டன. அப்புறம் வந்தது சதுரத்தை விட்டு நீள்சதுரமாக வெட்டும் போக்கு: 182க்கு 210 போல. ஏன் நீள்சதுரம்? பேனலின் அகலம் 1,134 மிமீயைத் தாண்டாமல் இருந்தால் கப்பல் பெட்டகத்தில் இரண்டு அடுக்காக நிறுத்தி ஏற்றலாம். அந்த அகலத்துக்குள் எவ்வளவு சிலிக்கானை அடைக்கலாம் என்று பார்த்துத்தான் வேஃபரையே வெட்டுகிறார்கள். பெட்டகத்தின் கதவு உயரம் இங்காட் உலையின் அளவைத் தீர்மானிக்கிறது!

இரண்டாம் படி: ஒரு சின்னக் கணக்கு

பேனாவை எடுத்து இதை ஒருமுறை நீங்களே போடுங்கள். 182 மிமீ வேஃபரின் பரப்பு சுமார் 330 சதுர செமீ. 25 சதவீதச் செயல்திறன் என்றால் ஒரு செல் 8.25 வாட். ஒரு கிகாவாட்டுக்குச் சுமார் 12 கோடியே 12 லட்சம் செல்கள் வேண்டும். வருடத்துக்கு 8,000 மணி நேரம் லைன் ஓடும் என்று வைத்தால் மணிக்கு 15,000க்குச் சற்று மேல். அதாவது, நொடிக்கு நாலு செல்.

இதை மனதில் வைத்துக்கொண்டு "உடைவு 1 சதவீதம்தான்" என்று ஒருவர் சொல்வதைக் கேளுங்கள். வருடத்துக்கு 12 லட்சம் வேஃபர். 130 மைக்ரான் தடிமனில் ஒரு வேஃபரின் எடை சுமார் 10 கிராம், ஆகவே 12 டன் சிலிக்கான், அதற்காக ஓடிய உலை, அறுத்த கம்பி, பூசிய வெள்ளிப் பேஸ்ட் எல்லாம் குப்பைத்தொட்டியில். வேஃபர் மெலிவதைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை. மெல்லிய வேஃபருக்கு மாறும் முன் கேட்க வேண்டியது, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் நடுவில் இருக்கும் கன்வேயரும் கையாளும் கருவியும் அதைத் தாங்குமா என்பதைத்தான். உடைவு பெரும்பாலும் முக்கிய இயந்திரத்துக்குள் நடப்பதில்லை, கைமாறும் இடத்தில்தான் நடக்கிறது.

மூன்றாம் படி: ஒரு செல் வகையைத் தேர்ந்தெடுத்து அதன் லைனில் நடந்து பாருங்கள்

பெர்க் (PERC, பழைய வகை), டாப்கான் (TOPCon), எச்ஜேடி (HJT), பின்முனை (back contact) செல் என நாலு வகையையும் ஒரே நேரத்தில் படிக்க முயன்றால் எதுவும் நிற்காது. டாப்கானை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஐஎஸ்இ ஆய்வகம் 2013இல் முன்வைத்த அமைப்பு அது, 2024இல் பெர்க்கை முந்தி உலகில் அதிகம் தயாராகும் செல்லாகிவிட்டது. அதை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் மற்றவை வித்தியாசமாக மட்டும் தெரியும்.

உள்ளே போகும் முன் பாதுகாப்புப் பயிற்சியைத் தூங்காமல் கேளுங்கள். சிலேன் காற்றைத் தொட்டாலே தானாகத் தீப்பிடிக்கும் வாயு. அலுமினிய ஆக்சைடு படியவைக்கப் பயன்படும் ட்ரைமெத்தில் அலுமினியமும் அப்படித்தான். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் பட்டால் முதலில் வலிக்கக்கூட வலிக்காமல் இருக்கலாம், ஆனால் உள்ளே இறங்கிக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எங்கே வைத்திருக்கிறார்கள் என்று முதல் நாளே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு உடனே பதில் வராத ஆலையில் அமில மேசைப் பக்கமே போகாதீர்கள்.

சரி, லைன்.

முதலில் கார அரிப்பு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேஃபர் மேல் மைக்ரான் அளவில் சின்னச் சின்னக் கூம்புகள் உருவாகின்றன, ஒளி திரும்பிப் போகாமல் இருக்க. கரைசலில் போடும் சேர்மானம்தான் இங்கே ரகசியம், அதை ஒவ்வொரு சப்ளையரும் பூட்டி வைத்திருப்பார்.

அடுத்து போரான் டிஃப்யூஷன், சுமார் 1,000 டிகிரி. இங்கே நடந்த மாற்றம் ஒரு நல்ல பாடம். முதலில் போரான் ட்ரைபுரோமைடு பயன்படுத்தினார்கள். அதன் துணைப்பொருள் குவார்ட்ஸ் பாகங்களில் பசைபோல ஒட்டிக்கொள்ளும், கதவும் குழாயும் ஒட்டிப்போகும், பராமரிப்பு ஆட்களுக்கு ஓய்வே இருக்காது. போரான் ட்ரைகுளோரைடுக்கு மாறியதும் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. செல்லின் செயல்திறனில் பெரிய வித்தியாசம் இல்லை, லைன் நிற்காமல் ஓடும் நேரத்தில்தான் வித்தியாசம். செய்தியில் வராத போக்கு இது, ஆனால் ஆலையில் வேலை செய்கிறவருக்கு இதுதான் பெரிய செய்தி.

அப்புறம் பின்பக்கத்தை மழமழவென்று ஆக்கிவிட்டு, 1 முதல் 2 நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்சைடு படலம், அதன்மேல் பாஸ்பரஸ் சேர்ந்த பாலிசிலிக்கான் படலம். டாப்கானின் உயிரே இந்த இரண்டு படலம்தான். இதைப் படியவைக்க எல்பிசிவிடி (குறைந்த அழுத்தத்தில் சூட்டால் வாயுவிலிருந்து படியவைப்பது), பிஇசிவிடி (பிளாஸ்மாவின் உதவியால் படியவைப்பது) என்று இரண்டு கட்சி. எல்பிசிவிடியில் படலம் தரமாக இருக்கும், ஆனால் வேஃபரின் ஓரத்தைச் சுற்றி முன்பக்கமும் படியும், அதை அரித்து எடுக்கத் தனி வேலை. குவார்ட்ஸ் குழாயிலும் படிந்து படிந்து குழாயே விரிசல் விடும். பிஇசிவிடியில் சுற்றிப் படிவது குறைவு, வேகம் அதிகம், ஆனால் படலத்தில் கொப்புளம் வரக்கூடிய சிக்கல் உண்டு. யாராவது "எங்கள் முறைதான் சிறந்தது" என்றால், குவார்ட்ஸ் செலவையும் அரிக்கும் படியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

முன்பக்கத்தில் அணுப்படல முறையில் அலுமினிய ஆக்சைடு, இரண்டு பக்கமும் சிலிக்கான் நைட்ரைடு. பேனலின் நீலமும் கருப்பும் இந்த நைட்ரைடு தடிமனில்தான் இருக்கிறது. பிறகு வெள்ளிப் பேஸ்ட்டைத் திரை வழியாக அச்சிட்டு, 700 டிகிரிக்கு மேல் சில நொடி சுடுகிறார்கள்.

கடைசியாக லெக்கோ. சுட்டு முடித்த செல்லுக்குத் தலைகீழ் மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே லேசரை மேலே ஓட்டுவது. வெள்ளியும் சிலிக்கானும் தொடும் புள்ளிகளில் மட்டும் ஒரு கணம் பலத்த மின்னோட்டம் பாய்ந்து தொடர்பு பலப்படுகிறது. 2023 வாக்கில் டாப்கான் லைன்களில் மளமளவென்று நுழைந்தது. கிடைத்தது சுமார் 0.3 சதவீதப் புள்ளி. ஆனால் இன்னொரு விளைவைப் பாருங்கள்: முன்பு முன்பக்கப் பேஸ்ட்டில் அலுமினியம் கலக்க வேண்டியிருந்தது, ஈரப்பதத்தில் அந்த அலுமினியம்தான் முதலில் அரித்துப் போகும். லெக்கோ வந்ததும் அலுமினியம் ஏறக்குறைய இல்லாத பேஸ்ட்டே போதும் என்றாகிவிட்டது. ஒரு லேசர் இயந்திரம் பேஸ்ட்டை மாற்றியது, பேஸ்ட் மாறியதால் பேனலில் எந்த ஒட்டுப்படலம் போடலாம் என்பதும் மாறியது.

இன்னொன்று, இது லைனில் நிற்கும்போது கண்ணால் பார்க்கக் கிடைப்பது. போரான் டிஃப்யூஷனும் மற்ற சூட்டுப் படிகளும் முடிந்த பிறகு எலெக்ட்ரோலூமினசென்ஸ் படத்தில் (செல்லுக்குள் மின்சாரம் செலுத்தி, அது உமிழும் ஒளியை எடுக்கும் படம்) சில செல்கள் நடுவில் இருண்டு, வட்டம் வட்டமாக வளையங்களோடு தெரியும். டிஃப்யூஷன் ஆட்களைத் திட்டுவார்கள். பெரும்பாலும் தப்பு அவர்களுடையது இல்லை. இங்காட் இழுக்கும்போது குவார்ட்ஸ் குடுவையிலிருந்து கரைந்த ஆக்சிஜன் படிகத்துக்குள் போயிருக்கும், உயர் சூட்டில் அது திரண்டு குறையாக மாறுகிறது. படிகம் சுழன்றபடி வளர்ந்ததால் வட்ட வடிவம். இங்காட் உலைகளில் காந்தப்புலம் பொருத்தும் போக்கு இதனால்தான் பேசப்படுகிறது. இந்த ஒரு படத்தைப் புரிந்துகொண்டவருக்கு முதல் படியை ஏன் படிக்கச் சொன்னேன் என்று தெரியும்.

மற்ற வகைகளைச் சுருக்கமாக. படிகச் சிலிக்கானின் இரண்டு பக்கமும் உருவமற்ற சிலிக்கான் படலம் பூசும் எச்ஜேடிக்கு முக்கியப் படிகள் நாலுதான், எல்லாம் சுமார் 200 டிகிரி பக்கத்தில். ஆனால் பழைய பெர்க் இயந்திரம் ஏறக்குறைய எதுவும் அங்கே உதவாது, இண்டியம் என்ற அரிய உலோகம் வேறு வேண்டும். டாப்கானுக்குப் பெர்க் லைனில் இயந்திரங்களைச் சேர்த்து மாறலாம், இடம் இருந்தால். எச்ஜேடியைவிட டாப்கான் ஏன் வேகமாகப் பரவியது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. பின்முனை செல்லில் இரண்டு முனையும் பின்பக்கமே இருப்பதால் முன்பக்கம் நிழல் இல்லை, பார்க்கவும் அழகு, ஆனால் பின்பக்கத்தில் இரண்டு வகைப் பகுதிகளை மாற்றி மாற்றிச் செதுக்க வேண்டும். லேசர் மலிவாகி வேகமாகியதால்தான் இது இப்போது பெரிய அளவில் சாத்தியமாகியிருக்கிறது.

நான்காம் படி: வெள்ளியைப் பின்தொடருங்கள்

ஒரே ஒரு மூலப்பொருளைத்தான் கவனிக்க நேரம் இருக்கிறது என்றால் வெள்ளியைக் கவனியுங்கள். டாப்கானில் வாட்டுக்குச் சுமார் 10 மில்லிகிராம் என்று வைத்தால் ஒரு கிகாவாட்டுக்கு 10 டன். 2024இல் சோலார் துறை மொத்தமாகச் சுமார் 6,000 டன் வெள்ளியை விழுங்கியது, உலகத் தேவையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 2025இல் வெள்ளி விலை வரலாற்று உச்சம் தொட்டதும் எல்லா ஆலையிலும் ஒரே பேச்சு.

குறைக்க என்ன வழி? ஒன்று, செல் மேல் அச்சிடும் வெள்ளிக் கோடுகளை மெலிதாக்குவது. திரையில் பின்னலின் முடிச்சு கோட்டின் குறுக்கே வராதபடி கம்பிகளை அமைத்து, திறப்பை 20 மைக்ரான் பக்கம் கொண்டுபோகிறார்கள். இரண்டு, பஸ்பாரையே, அதாவது மெல்லிய விரல்கோடுகளின் மின்சாரத்தைச் சேர்க்கும் அகலக் கோட்டையே, எடுத்துவிடுவது. இதற்குத்தான் ஜீரோ பஸ்பார் என்று பெயர்: அகலக் கோடு இல்லாமல், மெல்லிய கம்பி ரிப்பனை நேரே விரல்கோடுகள் மேல் ஒட்டுவது. வெள்ளி குறைகிறது, ஆனால் ஸ்டிரிங்கரை மாற்ற வேண்டும், ஒட்டும் பசை புதிதாகச் சேர்கிறது, ஸ்டிரிங் தப்பாகிவிட்டால் பிரித்துச் சரிசெய்வது கடினம். மூன்று, தாமிரம். தாமிரம் சிலிக்கானுக்குள் ஊடுருவினால் செல்லைக் கெடுக்கும், சூட்டில் ஆக்சிஜனேற்றமும் ஆகும். எச்ஜேடியில் சூடு குறைவு என்பதால் வெள்ளி பூசிய தாமிரத்தூள் பேஸ்ட் முதலில் அங்கே வேரூன்றியது. டாப்கானில் முதலில் மெல்லிய வெள்ளிக் கோடு, அதன்மேல் தாமிரம் என்ற வழியைப் பார்க்கிறார்கள். தாமிரத்தைச் சுட வேண்டும் என்றால் உலைக்குள் இருக்கும் காற்றைக் கட்டுப்படுத்த வேண்டும், அதற்கு இயந்திரம் வேறு. யாராவது "வெள்ளி பாதியாகக் குறைந்துவிட்டது" என்றால், அதற்காக எந்த இயந்திரத்தை வாங்கினார்கள், 85 டிகிரி சூட்டிலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் வைத்த சோதனையில் என்ன ஆனது என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

ஐந்தாம் படி: மாட்யூல் (முழுப் பேனல்) பக்கம் சுலபம் என்று நம்பாதீர்கள்

"மாட்யூல் என்பது வெறும் அசெம்பிளிதானே" என்பார்கள். களத்தில் பேனல் கெட்டுப்போகும் காரணங்களைப் பார்த்தால் பெரும்பகுதி இந்த அசெம்பிளியில்தான் இருக்கும்.

செல்லை லேசரால் பாதியாக வெட்டுவதில் தொடங்குகிறது. பழைய முறை, பாதி ஆழம் எரித்துவிட்டுப் பிறகு ஒடிப்பது. இப்போது சூட்டையும் குளிர்ச்சியையும் வைத்து விரிசலை நேராக ஓடவிடும் முறை வந்துவிட்டது, ஓரம் சுத்தமாக இருக்கும். வெட்டிய ஓரத்தில் பாதுகாப்புப் படலம் இல்லாததால் கொஞ்சம் திறன் போகிறது, அந்த ஓரத்துக்கு மறுபடி படலம் போடத் தனி இயந்திரம் விற்கிறார்கள்.

செல்லையும் கண்ணாடியையும் சேர்த்துப் பிடிக்கும் ஒட்டுப்படலத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். இவிஏ என்ற பிளாஸ்டிக் மலிவு, எல்லோருக்கும் பழக்கம், ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்தால் அசிட்டிக் அமிலம் விடும். பிஓஇ என்ற இன்னொரு பிளாஸ்டிக் ஈரத்தை அவ்வளவாக உள்ளே விடாது, அமிலமும் இல்லை, விலை அதிகம், லேமினேட் செய்யும்போது செல் வழுக்கி நகரும். இரண்டுக்கும் நடுவில் இவிஏ, பிஓஇ, இவிஏ என்று மூன்று அடுக்காக வரும் இபிஇ. எந்தப் படலம் என்பதைச் செல்லைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். எச்ஜேடிக்குப் புற ஊதாக் கதிர் ஆகாது, அதனால் அந்தக் கதிரை நீலமாக மாற்றித் தரும் படலம்கூட விற்கிறது.

ரோலைத் திறந்து வைத்தபடி சாப்பிடப் போகாதீர்கள். இவிஏ ரோல் உறையைப் பிரித்ததும் ஈரத்தை இழுக்கும், குறுக்கிணைப்புக்காக (மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைய) சேர்த்த பொருளும் மெல்ல ஆவியாகும். மீதி ரோலை அன்றே உறையில் கட்டி வைக்க வேண்டும். லேமினேட்டரில் 140 முதல் 150 டிகிரியில் இவிஏ உருகிக் குறுக்கிணைகிறது. அது ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டிச் சைலீனில் கொதிக்கவைத்து, கரையாமல் மிஞ்சியது எவ்வளவு என்று எடைபோடுவார்கள். பல ஆலைகளில் 75 அல்லது 80 சதவீதத்துக்கு மேல் எதிர்பார்ப்பார்கள். இந்தச் சோதனையை ஒருமுறை கூடவே நின்று பாருங்கள், லேமினேட்டர் மேசையின் ஓரத்தில் வெப்பம் குறைந்தால் மூலையில் இருந்து எடுத்த துண்டு உடனே காட்டிக்கொடுக்கும்.

கண்ணாடி. முன்பு 3.2 மிமீ கண்ணாடி முன்னால், பின்னால் பிளாஸ்டிக் தாள். இப்போது முன்னும் பின்னும் 2 மிமீ கண்ணாடி. ஈரம் உள்ளே போகாது, பின்பக்கமும் மின்சாரம் கிடைக்கும். எல்லாம் சரி, ஆனால் 2 மிமீ கண்ணாடியை 3.2 மிமீ போல முழுமையாகப் பதப்படுத்துவது கஷ்டம், பாதி பதப்படுத்தியதாகவே வரும். பேனலும் பெரிதாகி, சட்டமும் மெலிந்து, இரண்டும் சேர்ந்ததில், கல் எதுவும் படாமலே கண்ணாடி விரிசல் விட்ட புகார்கள் பல நாட்டிலிருந்து வருகின்றன. செலவைக் குறைக்க மூன்று இடத்தில் தனித்தனியாகக் கிள்ளினால் நாலாவது இடத்தில் வெடிக்கும். சட்டத்தில் அலுமினியத்துக்குப் பதிலாக எஃகு, கண்ணாடியிழை கலந்த பாலியூரித்தேன் என்று முயற்சிகள் நடக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது எடையையும் எர்த் இணைப்பையும் கவனியுங்கள்.

சாலிடரில், எச்ஜேடி போன்ற சூடு தாங்காத செல்களுக்கு 138 டிகிரியில் உருகும் வெள்ளீயம் பிஸ்மத் கலவை. வழக்கமான வெள்ளீயம் ஈயக் கலவைக்கு 183.

ஆறாம் படி: சோதனை இயந்திரங்களையும் போக்காகவே பாருங்கள்

லேமினேஷனுக்கு முன் ஒரு எலெக்ட்ரோலூமினசென்ஸ் படம், பின் ஒன்று. முன் எடுத்த படத்தில் விரிசல் தெரிந்தால் அந்தச் செல்லை மாற்றலாம். பின்னால் தெரிந்தால் தரம் குறைத்து விற்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. முன்பு ஒரு ஆள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், இப்போது மென்பொருளே குறை கண்டுபிடிக்கிறது. அதற்குப் பழக்கிய படங்கள் எந்தச் செல் வகையின் படங்கள் என்று கேளுங்கள். பஸ்பார் எண்ணிக்கை மாறினாலே தடுமாறும்.

பளிச்சிடும் வெளிச்சத்தில் பேனலின் திறனை அளக்கும் ஃப்ளாஷ் டெஸ்டரில் ஒரு சூட்சுமம். டாப்கான், எச்ஜேடி போன்ற புதிய என்-டைப் செல்களில் மின்தேக்கு விளைவு அதிகம், அதனால் 10 மில்லிநொடிப் பளிச்சிடலில் அளந்தால் திறன் தப்பாக வரும். நீண்ட நேரம் எரியும் எல்ஈடி விளக்குகள் செனான் விளக்கின் இடத்தைப் பிடிப்பதற்கு இது ஒரு காரணம். பழைய டெஸ்டரை வைத்துக்கொண்டு புதிய செல்லுக்கு மாறினால் ஒவ்வொரு பேனலிலும் சில வாட் கணக்கு உதைக்கும்.

பேனலுக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 61215இன் சான்றிதழைப் பற்றி: 1,000 மணி நேர ஈரச்சூடு, மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை 200 சுற்று என்பதெல்லாம் குறைந்தபட்ச வாசல். அதைத் தாண்டியது என்பதால் 25 வருடம் உழைக்கும் என்று அர்த்தம் இல்லை. பாலிஅமைடு பின்தாள் போட்ட பேனல்கள் சான்றிதழோடுதான் விற்கப்பட்டன, சில வருடத்தில் களத்தில் தாள் வெடித்துப் போனது. இப்போது டாப்கானில் புற ஊதாக் கதிரால் திறன் குறைவது பேசப்படுகிறது, அதற்கான கூடுதல் சோதனை முடிவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஏழாம் படி: இயந்திரம் விற்பவரிடம் கேட்க வேண்டியவை

பெரும்பாலான இயந்திரங்கள் இன்று சீனாவிலிருந்துதான் வருகின்றன. 2022இல் சர்வதேச எரிசக்தி முகமை சொன்ன கணக்குப்படி சோலார் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல். எச்ஜேடிக்கு மேக்ஸ்வெல், ஸ்டிரிங்கருக்கு ஆட்டோவெல், லேசருக்கு டிஆர் லேசர், இங்காட் உலைக்கு ஜிங்ஷெங் என்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும். ஐரோப்பாவில் ரெனா, சென்ட்ரோதெர்ம் போன்ற பழைய பெயர்கள் உண்டு. யாராக இருந்தாலும் கேள்விகள் ஒன்றுதான்.

மணிக்கு எத்தனை என்ற எண் எந்த வேஃபர் அளவில், எந்தத் தடிமனில்? இயந்திரத்தின் உடல் எந்த அளவுவரை தாங்கும், பெரிய வேஃபர் வந்தால் எந்தப் பாகத்தை மட்டும் மாற்றினால் போதும்? அப்டைம் (நிற்காமல் ஓடும் நேரம்) 98 சதவீதம் என்றால் எந்த வரையறைப்படி? செமி இ10 என்ற தரநிலை நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறது, அதன்படி எழுதித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் சுத்தம் செய்யும் நேரமெல்லாம் கணக்கிலிருந்து காணாமல் போகும். குவார்ட்ஸ், திரை, லேமினேட்டரின் ரப்பர் விரிப்பு போன்ற தேயும் பொருட்களின் ஆயுள் எவ்வளவு, வேறு யாரிடமும் வாங்கலாமா? ஏற்புச் சோதனையை யாருடைய வேஃபரில், எத்தனை நாள் நிறுத்தாமல் ஓட்டிக் காட்டுவார்கள்? ஓரம் சில்லு விட்ட வேஃபர் உடைவுக் கணக்கில் சேருமா? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிரித்தால், சேராது என்று அர்த்தம்.

காப்புரிமையையும் விட்டுவிடாதீர்கள். டாப்கானிலும் பின்முனை செல்லிலும் பல நாடுகளில் வழக்குகள் நடந்திருக்கின்றன. இயந்திரத்தோடு செய்முறையும் தருகிறேன் என்பவர், அந்தச் செய்முறையால் வழக்கு வந்தால் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுவாரா?

எட்டாம் படி: அடுத்து எதைக் கவனிப்பது

சிலிக்கான் மட்டும் உள்ள செல்லுக்குக் கோட்பாட்டு எல்லை சுமார் 29.4 சதவீதம். ஆய்வகத்தில் 27 சதவீதத்தைத் தாண்டியாகிவிட்டது, மேலே போக இடம் குறைவு. அதனால்தான் சிலிக்கான் மேல் பெராவ்ஸ்கைட் என்ற ஒளியுறிஞ்சும் பொருளின் படலம் சேர்த்த இரட்டைச் செல். லாங்ஜி நிறுவனம் 2024இல் 34.6 சதவீதம் காட்டியது, ஆனால் அது ஆய்வகச் செல். அதே வருடம் ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம் தன் முதல் வணிகப் பேனல்களை அனுப்பியது, பேனலின் செயல்திறன் 24.5 சதவீதம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் இயந்திரக்காரர்களின் அடுத்த பத்து வருட வேலை இருக்கிறது: பெரிய பரப்பில் சீராகப் பூசும் கருவி, ஆவியாக்கிப் படியவைக்கும் அறை, ஈரம் துளியும் நுழையாத ஓர அடைப்பு, குறைந்த சூட்டில் லேமினேட் செய்யும் முறை. பெராவ்ஸ்கைட்டில் ஈயம் இருப்பதால் மறுசுழற்சி விதிகளும் உண்டு. எந்த சாதனைச் செய்தி வந்தாலும் செல்லின் பரப்பு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு சதுர செமீ என்றால் வாழ்த்திவிட்டு வேலையைப் பாருங்கள். முழு வேஃபர் என்றால் உட்கார்ந்து படியுங்கள்.

தொடர்ந்து படிக்க, ஜெர்மனியின் இயந்திரத் தொழில் கூட்டமைப்பான விடிஎம்ஏ ஆண்டுதோறும் வெளியிடும் தொழில்நுட்ப வரைபடம் இலவசமாகவே கிடைக்கும். அதில் வேஃபர் தடிமன், வெள்ளி, கம்பி விட்டம், கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் அடுத்த பத்து வருட எதிர்பார்ப்பு இருக்கும். புதிய பதிப்பை மட்டும் படிக்காமல், ஐந்து வருடத்துக்கு முந்தைய பதிப்பையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதை எதிர்பார்த்தார்கள், எது வேகமாக வந்தது, எது வரவே இல்லை என்று குறித்துக்கொண்டே வாருங்கள். வராமல் போன ஒவ்வொன்றுக்கும் பக்கத்துப் படியில் ஒரு காரணம் கிடைக்கும்.